சாண்டீ கரையில் குதிரை வாடை

சோளக்கூடையோடு உள்ளே நுழைந்ததுமே இசபோவின் மூக்கில் அந்த வாடை ஏறியது. நனைந்த குதிரையின் வாடை. சாண்டீ ஆற்றின் இந்தக் கரையில் யாரிடமும் குதிரை கிடையாது. சதுப்பில் கால் வைத்தால் வயிறுவரை இறங்கிவிடும், எல்லோருக்கும் படகுதான்.

"ஏங்க, ஏதாவது வாடை அடிக்குதா?"

அவள் கணவன் ஏலி காலணிகளைக் கழற்றி நெருப்போரம் காய வைத்துக்கொண்டிருந்தான். "அடிக்குதே, உன் பன்னிக்கறி சூப்பு. அந்த வாசனைக்கு முதலையே கரையேறி வந்து தட்டை நீட்டும்."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. கூரையிலிருந்து மழை சொட்டிக்கொண்டிருந்தது. மாலை வெளிச்சம் சுவர் இடுக்குகள் வழியே சாம்பல் நிறத்தில் கசிந்தது. குதிரை வாடையோடு ஈரத் தோலும் புளித்த ஒயினும் மட்டமான புகையிலையும் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்துகொண்டன. பிரான்சில் அவள் அப்பாவின் வீட்டை நிறைத்திருந்த அதே வாடை. ராஜாவின் மதத்துக்கு மாற மறுத்தவர்கள் வீட்டில் குதிரைவீரர்களைக் குடியேற்றிய வருடம் அது. அப்பாவை அவர்கள் வெட்டவில்லை. தூங்கவிடவில்லை, அவ்வளவுதான். கட்டிலைச் சுற்றி நின்று முறைவைத்து மேளம் அடித்தார்கள். மதம் மாறச் சம்மதித்து "நான் சேர்ந்துவிட்டேன்" என்று ஒரு தடவை சொன்னால் போதும், போய்விடுவார்கள். அப்பா சொல்லாமலே செத்தார். இசபோ கடல் தாண்டி இந்தச் சதுப்புக்கு வந்துவிட்டாள்.

வெளியே ஏதோ கனைத்தது.

"பாத்தியா, மறுபடி பன்னி வந்திருச்சு. வேலியை ஒடச்சா சோளம் போச்சு" என்று ஏலி எழுந்தான்.

"அது பன்னி இல்லங்க. போகாதீங்க."

"அடி பயந்தாங்கொள்ளி! கதவைச் சாத்திக்கோ. இப்ப வந்துடறேன்."

வெறுங்காலோடு மழையில் இறங்கிப் போனான்.

கொஞ்ச நேரத்தில் மழை விட்டது. தவளைகள் ஒரேயடியாக அடங்கின. பிறகு, நீரில் நிற்கும் மரங்களுக்கு அப்பாலிருந்து, தொலைவில், ஒரு மேளம் மெதுவாகக் கேட்கத் தொடங்கியது.

"ஏலி!"

மேளம் வேலியைத் தாண்டியது. வீட்டைச் சுற்றியது. சுவர்ப் பலகைகள் அதிர்ந்தன. அடுப்பில் சூப்பு நடுங்கியது. கதவருகே வந்தது.

நின்றது.

கதவு திறந்தது. ஏலிதான். அவளுக்கு உயிர் வந்தது; அடுப்போரப் பலகையில் உட்கார்ந்தாள்.

ஒரு அடி வைத்தான். கிணிங். இன்னொரு அடி. கிணிங். குதிரைவீரர்கள் குதிகாலில் கட்டும் இரும்பு முள்ளின் சத்தம். அவன் காலிலோ எதுவும் இல்லை.

முக்காலியை இழுத்துப்போட்டு, முழங்கால் முட்ட எதிரே உட்கார்ந்தான். கண் இமைக்கவில்லை.

"தூக்கம் வருதா, அம்மணி?"

ஏலி அவளை ஒருநாளும் அம்மணி என்று கூப்பிட்டதில்லை. குரலும் அவனுடையது இல்லை. அப்பா சொல்லாமல் செத்த வார்த்தை அவள் தொண்டைவரை வந்தது. விழுங்கினாள். மறுபடி வந்தது.

"நான்... நான் சேர்ந்துட்டேன்."

அவன் தலையைச் சாய்த்து அவளைப் பரிதாபமாகப் பார்த்தான்.

"நாங்க ராஜாவோட ஆளுங்க இல்லியே, அம்மணி."

சொல்லும்போதே அவன் வாயோரத்திலிருந்து கறுத்த சதுப்புநீர் வழிந்து, மோவாயிலிருந்து அவள் மடியில் சொட்டியது. அவன் முதுகுக்குப் பின்னால், திறந்த வாசலின் தாழ்ந்த நிலைச்சட்டத்தில் தலை இடிக்காமல் குனிந்து குனிந்து, கிணிங் கிணிங் என்று மற்றவர்களும் ஒவ்வொருவராக உள்ளே வந்துகொண்டிருந்தார்கள்.