அறுபத்து மூன்று ஜி.பி.

நானூற்று அறுபத்தைந்து ஜி.பி. காட்டவேண்டிய ஹார்ட் டிஸ்க் நானூற்று இரண்டைத்தான் காட்டியது. சுபைர் கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தான். பென் டிரைவிலிருந்து புது சிஸ்டம் போடுவதற்காக, டிஸ்க்கில் இருந்த பாகங்களையெல்லாம் இப்போதுதான் அழித்திருந்தான். திரையில் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை காலியான பட்டை ஒன்று மட்டும் இருக்கவேண்டும். இருந்தது. ஆனால் அதன் வலது கோடியில், ஒரு விரல் அகலத்துக்கு, கறுப்பு.

மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை ஒன்பது மணிக்கே கரண்டை நிறுத்தியிருந்தார்கள். ஃபேன் ஓடாத அந்த மதியத்தில், சமையலறையில் அவன் அம்மா ஷர்புன்னிசா வெங்காயம் அரியும் சத்தமும், கச்சிராயபாளையம் ரோட்டில் மலைக்குப் போகும் பஸ் கியர் மாற்றும் முனகலும், எல்லாவற்றுக்கும் அடியில் லேப்டாப்புக்குள் டிஸ்க் சுழலும் மெல்லிய கரகரப்பும் தனித்தனியாகக் காதில் விழுந்தன.

"சுபைரு, இன்னும் அந்தப் பொட்டியத்தான் நோண்டிக்கினு இருக்கியா?"

"கடைக்கு வோணும்மா. மூணு பாகமா பிரிச்சு மூணு சிஸ்டம் போடணும்."

"அது அவ சாமானு. யாருக்காவது குடுத்துடுன்னு சொன்னனே."

அவன் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டான்.

கல்யாணமான புதிதில் அவனும் மஹ்ஜபீனும் சேர்ந்து வாங்கிய லேப்டாப் அது. டிஸ்க்கை இரண்டாகப் பிரித்து, தனக்கு விண்டோஸும் அவளுக்கு லினக்ஸும் அவனேதான் போட்டுக் கொடுத்தான். அவள் பாகத்தில் அவளுடைய ஆராய்ச்சிக்கான ஒலிப்பதிவுகள் இருந்தன. கல்வராயன் மலையில் சரியான ரோடு இல்லாமல், ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே பிள்ளையை இழந்த நாற்பத்தொரு பெண்களின் பேச்சு. இரண்டு வருஷம் ஸ்கூட்டரில் ஏறி இறங்கிச் சேர்த்தது.

அவள் மலைக்குப் போவது அவனுக்குப் பிடிக்கவில்லை. 'உன் பொண்டாட்டி வூட்லயே இருக்க மாட்டாளா?' என்று கடையில் ஒருவன் சிரித்துக்கொண்டே கேட்ட அன்று, அவள் குளித்துக்கொண்டிருந்த நேரத்தில், அவள் பாகத்தை அழித்தான். அறுபத்து மூன்று ஜி.பி. ஒரே ஒரு பட்டனை அமுக்கியதுதான் வேலை. டிஸ்க் தானாகவே கெட்டுவிட்டதாக அவளிடம் சொன்னான்.

அவள் கத்தவில்லை. "அவங்கள இன்னொரு தபா அழ வைக்கணுமே" என்று மட்டும் சொன்னாள். மறுநாள் மழையில் வெள்ளிமலைக்குக் கிளம்பிப் போனாள். இரண்டாவது வளைவில் ஸ்கூட்டர் கீழே உருண்டது. மறுநாள் காலையில்தான் ஆட்கள் அவளைக் கண்டுபிடித்தார்கள். ராத்திரி வெகுநேரம் உயிர் இருந்திருக்கும் என்றார் டாக்டர்.

நானூற்று அறுபத்தைந்தில் நானூற்று இரண்டு போனால் அறுபத்து மூன்று.

டிஸ்க் பழசு, அவ்வளவுதான் என்று சொல்லிக்கொண்டு கறுப்புப் பகுதியின் மேல் அம்புக்குறியை வைத்தான். சின்னதாக ஒரு பெட்டி திறந்தது. 'பாகத்தின் பெயர்' என்ற இடத்தில் மஹ்ஜபீன் என்றிருந்தது.

வெங்காய வாசனை இருந்த அறையில் இப்போது பெட்ரோல் வாடை அடித்தது. கூடவே ஈரமான ரெயின்கோட்டின் ரப்பர் வாடை. வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

அழி என்று கொடுத்தான். 'இந்தப் பாகம் பயன்பாட்டில் உள்ளது' என்றது திரை.

அதற்குப் பிறகு அவன் எதையும் தொடவில்லை. கோப்புகள் தாமாகவே வரிசையாக விரிந்தன. நாற்பத்தொன்று. ஸ்பீக்கரில் ஒரு பெண் பேசத் தொடங்கினாள், அவள் முடிப்பதற்குள் இன்னொருத்தி, பிறகு மூன்று பேர், பிறகு எத்தனை பேர் என்று எண்ணமுடியாத இரைச்சல். எல்லோரும் ஒரே நேரத்தில் மூச்சை இழுத்து நிறுத்தினார்கள்.

வரிசையில் நாற்பத்திரண்டாவது கோப்பு இருந்தது.

மழை. ஸ்கூட்டர். பிரேக்கின் கிறீச்சல். கிளைகள் முறியும் சத்தம். பிறகு மழை மட்டும். மழைக்கு நடுவே, யாரோ கஷ்டப்பட்டு மூச்சு விடும் சத்தம். அது நீண்டுகொண்டே போனது. கடைசியில், வாயைக் காதில் வைத்துச் சொல்வதுபோல, அவள் குரல்.

"ஏங்க. நீங்கதான அழிச்சீங்க?"

பவர் பட்டனை அமுக்கிப் பிடித்தான். அணையவில்லை. பென் டிரைவைப் பிடுங்கினான். திரையில் கறுப்பு இடப்பக்கமாக நகரத் தொடங்கியிருந்தது. காலி இடம் முந்நூற்றுத் தொண்ணூறு. முந்நூற்றுப் பத்து. இருநூறு. விரல் நுனிகள் மரத்துப்போயின. பிறகு மணிக்கட்டு. குனிந்து பார்த்தான். கை இருந்தது. அதன் வழியாக மேசையின் மரவரி தெரிந்தது.

"ஆமா. நாந்தான். நாந்தான் அழிச்சேன். மன்னிச்சிரு."

வாய் அசைந்தது. சத்தம் ஸ்பீக்கரிலிருந்து வந்தது.

நாற்பத்து மூன்றாவது கோப்பு. பெயர், சுபைர்.

அம்மா என்று கத்தினான். காற்றுகூட வரவில்லை. நூறு. நாற்பது.

"சோறு ஆயிடுச்சுடா. வா." சமையலறையிலிருந்து அம்மா.

"எடுத்து வைம்மா. செம பசி."

அவன் குரல். ஆனால் இந்த அறையிலிருந்து வரவில்லை. நடையிலிருந்து வந்தது. யாரோ சமையலறைப் பக்கம் நடந்தார்கள். ஒவ்வொரு அடிக்கும் ஈரத்தின் சொதசொதப்பு.

தட்டு வைக்கும் சத்தம். அம்மாவின் சிரிப்பு. ரொம்ப நாளைக்குப் பிறகு அவள் சிரித்தாள்.

"இன்னாடா, கையி இவ்ளோ ஜில்லுனு கீது?"

ஒன்பது. மூன்று.

கதவு திறந்தது. அம்மா உள்ளே வந்தாள். நேராக அவனைப் பார்த்தாள். அவனைத் தாண்டி நாற்காலியின் முதுகைப் பார்த்தாள்.

"ஆளே இல்லாம இது பாட்டுக்கு எரிஞ்சிக்கினு கீது பாரு."

"மூடிடும்மா" என்றது அவன் குரல், அவள் தோளுக்குப் பின்னாலிருந்து.

அம்மா கை நீட்டி லேப்டாப்பின் மூடியைப் பிடித்தாள். மூடி இறங்க இறங்க, திரைக்குள்ளிருந்து பார்த்த அவனுக்கு அறை வெளிச்சம் கீற்றாகச் சுருங்கியது. அந்தக் கீற்றில் அவனுக்குத் தெரிந்தது அவனுடைய நீலச் சட்டை. சட்டைக்கு மேலே, சேறு வழியும் கூந்தலுக்குள், இமைக்காமல் அவனையே பார்த்துக்கொண்டிருந்த மஹ்ஜபீனின் முகம்.