சந்தனமாதா தோணிக்கு ஒரு ஃபில்டர்

"நிறுத்துல! நிறுத்து!"

சிக்கந்தர் கத்திக்கொண்டே என்ஜின் அறைக்குள் பாய்ந்தான். அடுத்த நொடி 'சந்தனமாதா'வின் டீசல் என்ஜின் ஒரு உலுக்கு உலுக்கி நின்றது. பலகையைத் தூக்கிப் பார்த்தால் உள்ளே எங்கும் கறுப்பு எண்ணெய். எண்ணெயை வடிகட்டும் ஃபில்டரின் விளிம்பிலிருந்து இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.

"காலியாயிட்டு. இன்னும் கொஞ்ச நேரம் ஓடியிருந்தா என்ஜின பழைய இரும்புக்குத்தான் போடணும்" என்றான் சிக்கந்தர்.

"அதான் பாய் இருக்குல்லா? ஏத்துவோம்" என்றான் லெயோன். தோணியின் தண்டல் அவன்தான். தண்டல் என்றால் கப்பலுக்குக் கேப்டன் மாதிரி. அந்தக் காலத்தில் இருபது சொச்சம் வயதிலேயே அவனுக்கு அந்தப் பட்டம் கிடைத்துவிட்டது. பட்டத்தோடு கொஞ்சம் தலைக்கனமும் வந்து சேர்ந்தது.

பாய்மரத்தில் சுருட்டியிருந்த பாயை அவிழ்த்தார்கள். பங்குனி வெயில். வாடைக் காற்று ஓய்ந்து, கச்சான் காற்று இன்னும் பிறக்காத நாட்கள் அவை. தூத்துக்குடிக் கடல் எண்ணெய் ஊற்றியது போல அசையாமல் கிடந்தது. பாய் தொங்கியது தொங்கியபடியே இருந்தது. ஆனால் பாயைப் புரட்டியபோது அதன் அடியிலிருந்து ஒரு பொருள் உருண்டு வந்தது. லெயோனின் தங்கை பிலோமி அதைப் பிடித்து நிறுத்தினாள்.

மஞ்சள் நிறத் தண்ணீர் கேன். வாய்வரை நிறைந்த கேன்.

"அண்ணே... இது அமலனுக்கு வச்ச தண்ணில்லா?"

மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அமலன் அவர்களின் கூட்டாளி. முந்தின நாள் அவனைக் கொக்குத் தீவில் விட்டுவிட்டு வந்திருந்தார்கள். அவன் தாத்தாவின் தோணி அந்தத் தீவுக்கருகே எப்போதோ மூழ்கியது. அதில் வெள்ளி இருந்ததாக வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். கடல் நன்றாக வற்றியிருந்த அன்று, மணலுக்குள் அதன் விலாக்கட்டை தெரிந்துவிட்டது! அப்புறம் அமலனை அங்கிருந்து அசைக்க முடியுமா? "நான் தோண்டிட்டு இருக்கேன். நீங்க போயி அரிசியும் கூடக் கொஞ்சம் தண்ணியும் எடுத்துட்டு வாங்கல" என்று சொல்லிவிட்டான். அவற்றை ஏற்றிக்கொண்டு தீவுக்குத் திரும்பும் வழியில்தான் இப்போது என்ஜின் நின்றது. கேனை லெயோன் இறக்கிவிட்டான் என்று சிக்கந்தர் நினைத்தான். சிக்கந்தர் இறக்கிவிட்டான் என்று லெயோன் நினைத்தான்.

கொக்குத் தீவில் நல்ல தண்ணீர் ஊற்று கிடையாது. நிழல் என்று சொல்ல நாலு தாழம்புதர். நேற்றிலிருந்து அவன் ஒரு சொட்டுத் தண்ணீர் குடித்திருக்க முடியாது!

"துடுப்புப் போட்டே போயிருவமா?" என்றாள் பிலோமி.

"இந்தக் கனத்த தோணிய எதிர் நீவாட்டு நீரோட்டத்துல தள்ளிக்கிட்டுத் தீவுக்கா? நாளைக்கும் போய்ச் சேர மாட்டோம். கரைதான் பக்கம். அங்க உப்பளத்துல ஒரு லாரி நிக்கி, பாரு. லாரி இருந்தா ஃபில்டர் இருக்கும்!" என்றான் சிக்கந்தர். அவன் காயல்பட்டினத்துக்காரன். என்ஜின் விஷயத்தில் அவன் வைத்ததுதான் சட்டம்.

முக்கி முனகித் துடுப்பு வலித்து, உப்பளத்துக்குப் போகும் ஓடை வாயில் தோணியைச் சொருகினார்கள். முதலில் பழைய ஃபில்டரைக் கழற்ற வேண்டும். சிக்கந்தர் கையால் திருகினான். அசையவில்லை. கயிற்றைச் சுற்றி இழுத்தான். அதற்கும் அசையவில்லை. கடைசியில் ஓர் இரும்புக் கம்பியை அதன் வயிற்றில் குறுக்கே அடித்து இறக்கி, கம்பியைப் பிடித்து முறுக்கினான். 'கிர்ர்' என்று கழன்று வந்தது. கூடவே ஒட்டிக்கொண்டு வந்தவை பஞ்சும் குங்கிலியமும்!

"யாருல இதுக்குக் கலப்பத்து அடிச்சது?"

லெயோன் கடலைப் பார்த்தான். தோணிக்காரர்களுக்குப் பலகையும் பலகையும் சேரும் இடத்தைச் சும்மா விடவே கை வராது. பஞ்சைத் திணித்து, குங்கிலியம் பூசி அடைத்தால்தான் தூக்கம் வரும். அதுதான் கலப்பத்து. போன வாரம் ஃபில்டர் ஓரத்தில் லேசாகக் கசிவதைக் கண்டதும் லெயோன் அதே வைத்தியத்தை அதற்கும் செய்துவிட்டான். மரத்துக்குச் சரி. என்ஜின் சூட்டில் குங்கிலியம் உருகி, ரப்பர் வளையத்தையே இடம் பெயர்த்துவிட்டது.

"ஒழுகுச்சுல. அதான் அடைச்சேன்" என்றான் லெயோன், சுரத்தில்லாமல்.

திட்டுவதற்கு நேரம் இல்லை. ஃபில்டர் மாட்டும் திருகாணியைச் சிக்கந்தர் என்ஜினிலிருந்து கழற்றி மடியில் கட்டிக்கொண்டான். பிலோமி கிழிந்த பாய்த்துணி ஒன்றை எடுத்து, ரப்பர் வளையம் உட்காரும் இடத்தில் வைத்து அழுத்தினாள். துணியில் கறுப்பாக ஒரு வட்டம் பதிந்தது.

"இதுக்கு மேல சரியா உக்காருறதுதான் நமக்கு வேணும்" என்றாள்.

புதையல் தேடப் போகிறவர்கள் வரைபடம் கொண்டு போவார்கள். இவர்களுக்கு வாய்த்தது இந்த எண்ணெய் வட்டம்தான்!

ஓடைக்கரைச் சேறு முழங்கால் வரை இழுத்தது. லெயோனின் ஒரு செருப்பை அது விழுங்கியே விட்டது. சேற்றைத் தாண்டினால் உப்புப் பாத்திகள். வெயிலில் உப்பு பளபளத்துக் கண்ணைக் குத்தியது. வரப்பில் ஓட்டமும் நடையுமாகப் போனார்கள். பிலோமி துணியை ஈரம் படாமல் தலைக்கு மேல் பிடித்திருந்தாள்.

"எவம்ல அது? நில்லு!"

கொட்டகையிலிருந்து காவலாளி கோயில்பிச்சை கம்போடு வந்தார்.

"அண்ணாச்சி, ஒரு ஃபில்டர் வேணும்!"

"ஃபில்டரா? உப்புத் திருட வாறவனப் பாத்திருக்கேன். ஃபில்டர் திருட வாறவன இன்னைக்குத்தான் பாக்கேன். மொதலாளி இல்ல. போங்க, போங்க."

பிலோமி மூச்சு வாங்கியபடியே அமலன் கதையைச் சொன்னாள். கேன் பாய்க்கு அடியில் கிடந்ததைச் சொல்லும்போது அழுதேவிட்டாள். கோயில்பிச்சை கம்பைச் சுவரில் சாய்த்தார்.

"இத மொதல்லயே சொல்லக் கூடாதா தாயி? வா, வா."

கொட்டகைக்குள் புது ஃபில்டர்கள் மூன்று இருந்தன. லாரிக்கு ஒன்று, டிராக்டருக்கு ஒன்று, பாத்திக்குக் கடல்நீர் இறைக்கும் பம்புக்கு ஒன்று. லெயோன் லாரியுடையதைத்தான் பாய்ந்து எடுத்தான். இருப்பதிலேயே பெரிசு அது!

"பெருசா இருந்தா நல்லா வடிக்கும்லா?"

சிக்கந்தர் திருகாணியை வைத்துப் பார்த்தான். ஒரு சுற்றுப் போய் இறுகியது. லெயோன் இன்னும் பலமாகத் திருகப் போனான்.

"விடு! மரை வேற. முறுக்குனா திருகாணியும் போயிரும்."

டிராக்டர் ஃபில்டர் வெண்ணெயாக ஏறியது. மூவரும் ஆரவாரம் செய்தார்கள். ஆனால் துணியின் மேல் வைத்ததும் பிலோமி உதட்டைப் பிதுக்கினாள். வளையம் சின்னது. கறுப்பு வட்டத்துக்கு உள்ளேயே நின்றுவிட்டது.

"இது ஒழுகும்."

"கொஞ்சூண்டுதான? லேசா ஒரு கலப்பத்து..." என்று ஆரம்பித்தான் லெயோன். தங்கை பார்த்த பார்வையில் மீதியை விழுங்கிக்கொண்டான்.

மிச்சம் இருந்தது பம்பு ஃபில்டர். திருகாணி ஏறியது. வளையம் வட்டத்தின் மேல் அச்சாக உட்கார்ந்தது! பிலோமி கை தட்டினாள். சிக்கந்தர் மட்டும் சிரிக்காமல் சுண்டு விரலை அதன் ஓட்டைக்குள் விட்டுத் துழாவினான்.

"உள்ள ரப்பர் நாக்கு இல்ல."

"அதுனால என்ன?"

"பம்புல ஃபில்டர் நிமிந்து நிக்கும். எண்ணெய் உள்ளயே கெடக்கும். நம்ம என்ஜின்ல அது படுத்துல்லா கெடக்கு? நிறுத்துனதும் எண்ணெய் பூரா கீழ வடிஞ்சிரும். வடியாமப் பிடிக்கத்தான் அந்த நாக்கு. அது இல்லன்னா, ஒவ்வொரு தடவ ஸ்டார்ட் பண்ணும்போதும் கொஞ்ச நேரம் எண்ணெய் இல்லாம ஓடும். நம்ம என்ஜின் ஏற்கெனவே அடி வாங்கியிருக்கு. ஒரு தடவ தாங்கும். ரெண்டாவது தடவைக்கு நான் பொறுப்பில்ல."

டிராக்டருடையதில் நாக்கு இருந்தது, ஆனால் ஒழுகும். பம்புடையது ஒழுகாது, ஆனால் நாக்கு இல்லை. ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். சிக்கந்தரும் பிலோமியும் லெயோனைப் பார்த்தார்கள். தண்டல் வார்த்தைதான் கடைசி வார்த்தை.

"பம்போடதையே எடு" என்றான் லெயோன். "ஒழுகுனா நடுக்கடல்ல நிப்போம். இது ஓடுற வரைக்கும் ஓடும். ஒரு தடவ ஸ்டார்ட் பண்ணுவோம். தூத்துக்குடி திரும்புற வரைக்கும் நிறுத்தவே வேண்டாம்!"

கோயில்பிச்சை ஒரு டின் நிறைய என்ஜின் ஆயிலும் கொடுத்தார். "மொதலாளிட்ட நான் சொல்லிக்கிடுதேன். அந்தப் புள்ளையக் காப்பாத்துங்க."

தோணிக்கு வந்ததும் லெயோனே குனிந்து, ஒட்டியிருந்த குங்கிலியத்தைப் பொறுமையாகச் சுரண்டித் துடைத்தான். திருகாணியைத் திரும்ப மாட்டி, வளையத்தில் புது எண்ணெய் தடவி, ஃபில்டரைக் கையாலேயே இறுக்கினான். பழக்க தோஷத்தில் அவன் கை ஸ்பேனரை நோக்கிப் போனது. சிக்கந்தர் ஒரு தட்டுத் தட்டினான். கை திரும்பி வந்தது.

டின்னில் இருந்த ஆயிலை ஊற்றிக் கிளப்பினார்கள். என்ஜின் முதலில் கரகரத்தது. மெல்ல மெல்லச் சத்தம் இளகி, 'டப்டப்டப்' என்று பழைய தாளத்துக்கு வந்தது. ஃபில்டர் ஓரத்தில் ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை!

கொக்குத் தீவு கண்ணில் பட்டபோது வெயில் சாய்ந்திருந்தது. தீவைச் சுற்றிப் பார், அதாவது பவளப்பாறைத் திட்டு. வழக்கமாகப் பாருக்கு வெளியே என்ஜினை நிறுத்திவிட்டு, கழி ஊன்றித்தான் உள்ளே போவார்கள். இன்று அது முடியாது. லெயோன் சுக்கானைப் பிடித்துத் தோணியை வட்டமடிக்க விட்டான். சிக்கந்தர் என்ஜினை விட்டு நகரவில்லை. பிலோமி மஞ்சள் கேனைக் கடலில் போட்டுத் தானும் குதித்தாள். கேன் மிதந்தது. அதைத் தள்ளிக்கொண்டு நீந்தினாள். பாறை கிழித்துக் காலில் ரத்தம் வந்தது. அவள் அதைக் கவனிக்கவே இல்லை.

கரையில் பாதி தோண்டிய பள்ளமும் மண்வெட்டியும் கிடந்தன. ஆளைக் காணோம்.

"அமலா! அமலா!"

பதில் இல்லை. தாழம்புதர்கள் அசையவில்லை. பிலோமிக்குப் பயம் முற்றி அழுகையானது. அழுகை முற்றிக் கோபமானது.

"ஏலே அமலா! தண்ணிக் கேன மறந்துட்டு எறங்குனது நீதாம்ல! குடிக்கிறவனுக்கு ஞாபகம் வேண்டாமா?"

புதருக்குள்ளிருந்து ஒரு கரகரத்த குரல் கேட்டது.

"நான் மறக்கல... ஒங்கண்ணன்ட்ட எறக்கச் சொன்னேன்..."

உதடு வெடித்து, முகம் கறுத்து, கையில் ஒரு மூட்டையை இறுக்கிப் பிடித்தபடி அமலன் தவழ்ந்து வந்தான். பிலோமி கேனைத் திறந்து கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டினாள்.

"கூப்பிட்டது கேக்கலயால?"

"கேட்டுச்சு. பாருக்கு வெளிய வந்ததும் நம்ம என்ஜின் நின்னுருமே. இன்னைக்கு நிக்கவே இல்ல. வேற எவனோ என் புதையலப் பிடுங்க வந்துட்டான்னு ஒளிஞ்சிக்கிட்டேன். நீ கூப்பிட்டதும் கனவு மாதிரிதான் இருந்துச்சு. நீ திட்டுனதும்தான் நீதான்னு தெரிஞ்சுது."

பிலோமி சிரித்துக்கொண்டே அழுதாள். மூட்டையை அவிழ்த்தாள். உள்ளே இருந்தவை வீட்டுக் கூரைக்கு வேயும் ஓடுகள்! தாத்தா கொழும்புக்குக் கொண்டு போன சரக்கு வெள்ளி இல்லை, ஓடு.

மீதித் தண்ணீரைக் கொட்டிக் காலியாக்கிய கேனைப் பிடித்துக்கொண்டு, பிலோமி இழுக்க, அமலன் மிதந்து வந்தான். லெயோன் அவனைத் தோணிக்குள் தூக்கிப் போட்டுக் கட்டிக்கொண்டான். "நான்தாம்ல மறந்தேன். என்ன மன்னிச்சிருல" என்று ஊருக்கே கேட்கும்படி அழுதான். அந்தத் தலைக்கனம் பிடித்த தண்டல் அழுததை அன்றுதான் பார்த்தார்கள்.

துறைமுகம் வந்தது. கயிறு கட்டியாயிற்று. ஆனாலும் என்ஜினை நிறுத்த யாருக்கும் மனம் வரவில்லை. நால்வரும் பலகையில் சாய்ந்து, ஒருவர் தோளில் ஒருவர் தலை வைத்து, அந்த 'டப்டப்' சத்தத்தைக் கேட்டுக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்கள்.

இப்போது நால்வரும் நாலு ஊரில் இருக்கிறார்கள். இன்றைக்குக் கடைக்குப் போய் என்ஜின் பெயரைச் சொன்னால் சரியான ஃபில்டரைப் பெட்டியோடு நீட்டிவிடுவார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் எங்காவது வயலோரத்தில் ஒரு பம்பு என்ஜின் ஓடும் சத்தம் கேட்டால் பிலோமி பஸ் ஜன்னலோரம் நிமிர்ந்து உட்காருவாள். லெயோனுக்குப் போன் போடுவாள். அமலனையும் சிக்கந்தரையும் விசாரித்துவிட்டு, கடைசியில் தவறாமல் கேட்பாள்:

"தண்ணி குடிச்சியா அண்ணே?"