இறுகாத பலகைகள்

காலையில் எழுந்ததும் காப்புடையை மாட்டிக்கொண்டு வெளியே போய், தெருவிலுள்ள வண்டிக்கூடக் கதவுகளை ஒவ்வொன்றாகக் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பது மங்கையர்க்கரசியின் அன்றாட வேலையாகிவிட்டது. சப்பாத்தி மாவு பதமாகிவிட்டதா என்று பார்ப்பதுபோலத்தான் அது. கதவும் ஏறக்குறைய அந்தப் பதத்தில்தான் இருந்தது. கையுறையின் விரல் பதிந்த இடத்தில் பள்ளம் விழுந்தது. மாட்டிய மூன்றே நாளில் கல்லாக இறுகியிருக்க வேண்டிய பலகைகள். பதினெட்டு நாளாகியும் இறுகவில்லை. ஏன் என்று அவற்றைச் செய்த அவளுக்கே தெரியவில்லை.

செவ்வாயில் வீடுகள் அடைத்த காற்றுக்குள் இருக்கும். வண்டிக்கூடம் மட்டும் வெளிக்காற்றில் நிற்கும். அதன் கதவு, கீல்களால் கோத்த ஐந்து கிடைப்பலகைகள். ஓரத்து உருளைகள் தண்டவாளத்தில் ஓட, கதவு வளைந்து மேலேறிக் கூரைக்கு அடியில் படுத்துக்கொள்ளும். இந்த அமைப்பில் ஒரு அழகு உண்டு. ஒரு பலகை கெட்டால் கதவு முழுவதையும் தூக்கியெறிய வேண்டாம். நாலு கீல்களைக் கழற்றி அந்த ஒன்றை மட்டும் மாற்றிவிடலாம்.

பகல் வெயிலிலும் இரவுக் குளிரிலும் மாறி மாறி அடிபட்டு, பூமியிலிருந்து வந்த பலகைகள் நாற்பத்தொரு வீடுகளில் விரிசல் விட்டிருந்தன. புதிதாக வரவழைக்க ஒன்பது மாதம் ஆகும். அதனால்தான் மங்கையர்க்கரசி இங்கேயே செய்தாள். செவ்வாயின் செம்மண், மக்னீசியத் தூள், கொஞ்சம் நார். சுண்ணாம்புப் பூச்சு காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சித்தான் இறுகுகிறது; இந்தக் கலவையும் அப்படித்தான். பூமியில் அந்த வாயு அரிது என்பதால் மாதக்கணக்காகும். செவ்வாயின் காற்று மெலிதானாலும் அநேகமாக முழுவதுமே கரியமில வாயு. மனிதர் சுவாசிக்க முடியாத காற்றுதான் அவளுடைய பலகைக்குச் சாப்பாடு. அதை நினைக்கும்போதெல்லாம் அவள் தனக்குள் சிரித்துக்கொள்வாள்.

ஆனால் இளகிய பலகை தன் பாரத்திலேயே தொய்ந்தது. உருளைகள் தடம் விலகின. கதவுகள் பாதியில் நின்றன. இன்னும் இருபது நாளில் புழுதிப் பருவம். திறந்த கூடத்துக்குள் புழுதி புகுந்தால் வண்டிகளின் மூட்டுகள் தேய்ந்துபோகும். வண்டி ஓடாவிட்டால் பனிச்சுரங்கத்துக்குப் போக வழியில்லை. குடியிருப்பு மன்றம் அவளுக்கு ஒரு வாரம் தவணை கொடுத்திருந்தது. அதற்குள் இறுகாவிட்டால் கதவுகளைத் தகடு போட்டு அடைத்துவிட்டு, அவளுடைய பட்டறையை மூடி, பலகை கேட்டுப் பூமிக்கே எழுதிவிடுவார்கள்.

மண்ணைச் சோதித்தாள். தூளைச் சோதித்தாள். அதே கலவை பட்டறையின் வெளிமுற்றத்தில் மூன்றாம் நாள் சுத்தியல் அடியைத் தாங்கியது.

அன்று காலை மாசிலாமணி வீட்டுக் கதவை அழுத்தப் போனபோது, அவர் மெல்லிய துணியால் அதைத் துடைத்துக்கொண்டிருந்தார். குடியேற்றத்தின் முதல் வண்டியோட்டி, ஓய்வு பெற்றவர். கதவு தொய்ந்து கிடந்தாலும் பளபளவென்று இருந்தது. ஒரு கீறல் கண்டுபிடிக்க முடியுமா என்று காப்புடை வானொலியில் பெருமையாகக் கேட்டார்.

சோதனைக்குக் கொஞ்சம் சுரண்டிக்கொள்ள, மங்கையர்க்கரசி ஓரத்தில் கத்தியை வைத்தாள். பொடி உதிரவில்லை. கண்ணாடிபோல ஒரு நாடா சுருண்டு வந்தது.

பயணப் படலம். வழியில் அழுக்குப் படாமலிருக்கப் பட்டறையில் ஒட்டி அனுப்பியது. காற்றுப் புகாதது. அதில் பெரிய எழுத்தில் ‘செவ்வாயில் செய்தது’ என்றும், கீழே சிறிய எழுத்தில் ‘பொருத்தியதும் உரிக்கவும்’ என்றும் அச்சிட்டிருந்தது. தினமும் கண்ணில் பட்ட எழுத்துதான்; படலம் இன்னும் உரிக்கப்படாமல் இருப்பதால்தான் அது தெரிகிறது என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

கதவு மாட்டும் இயந்திரமான பொருத்தியின் பதிவேட்டை அங்கேயே நின்று வரவழைத்துப் பார்த்தாள். நாற்பத்தொரு வீட்டிலும் ‘படலத்தை உரிக்கட்டுமா?’ என்று அது கேட்டிருந்தது. நாற்பத்தொரு வீட்டிலும் வேண்டாம் என்றிருந்தார்கள். ‘வாடிக்கையாளர் விருப்பப்படி முடிந்தது’ என்று எழுதிவைத்துவிட்டது.

“ஏன் அண்ணாச்சி, உரிக்கலையா?”

“உரிச்சா பழசாயிருமே, இன்ஜினியரம்மா.” துணியை மடித்துக்கொண்டார். “அதோட அந்த எழுத்து. நாங்க வந்த புதுசுல ஒரு ஆணி வேணும்னாலும் பூமியில இருந்துதான் வரணும். நம்ம ஊருல செஞ்ச மொத சாமான் இது. அதை என் கையால கிழிச்சுப் போடவா?”

இப்படி ஒரு பாராட்டை அவள் கேட்டதே இல்லை. அந்தப் பாராட்டுதான் அவள் கதவைக் கொன்றுகொண்டிருந்தது.

பலகை காற்றைக் குடித்தால்தான் இறுகும் என்பதைப் பொறுமையாக விளக்கினாள். அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

“சரி, புழுதிக்காலம் முடியட்டும். ஒரு நல்ல நாளாப் பாத்து உரிச்சுருவோம்.”

“புழுதி வர்றதுக்குள்ள இறுகணும்னுதானே சொல்றேன்!”

“கோவப்படாதீங்க. உங்க மணிக்கட்டுல இருக்கே காத்துமானி, வாங்கி எத்தனை வருசம்?”

“ஆறு.”

“அதுல இருக்கறத மொதல்ல நீங்க உரிங்க. பக்கத்துலயே நின்னு நானும் உரிக்கேன்.”

மங்கையர்க்கரசி கையைத் திருப்பிப் பார்த்தாள். சுவாசக் காற்றின் அளவைக் காட்டும் காற்றுமானியின் முகத்தில் கடையிலிருந்து வந்த படலம் அப்படியே இருந்தது. ஓரம் மஞ்சளித்து, ஒரு முனை தூக்கிக்கொண்டு நின்றது. அந்த முனையை அவளே எத்தனையோ முறை அழுத்தி ஒட்டியிருக்கிறாள். இப்போதும் விரல் அனிச்சையாக அழுத்தியது, உரிக்கப் போகவில்லை.

“பாத்தீங்களா” என்றார் மாசிலாமணி.

மன்றத்தின் வழியாக அறிவிப்புக் கொடுத்தாள். எல்லோரும் உரித்துவிடுவதாக வாக்குக் கொடுத்தார்கள். இரண்டு நாள் கழித்துப் போய்ப் பார்த்தால், ஒரே ஒரு வீட்டில் பாதி உரித்து, மனம் கேட்காமல் திரும்ப ஒட்டியிருந்தார்கள்.

அவள் பட்டறைக்குத் திரும்பி உட்கார்ந்தாள். ஒரு இயந்திரம் ஓடவில்லையென்றால் அதன் எந்த உறுப்பை மாற்ற முடியும் என்று பார்க்க வேண்டும். மண்ணை மாற்றலாம். தூளை மாற்றலாம். வீட்டுக்காரரை மாற்ற முடியாது. அவரும் கதவின் ஒரு உறுப்புதான். அவரையும் கணக்கில் சேர்த்து வரையாதது தன் பிழை என்று ஒப்புக்கொண்டதும் மனம் லேசானது. அன்றைக்கே, தலைமுடியைவிட மெல்லிய ஊசிகள் பதித்த உருளை ஒன்றைக் கடைந்து பொருத்தியின் கையில் மாட்டினாள்.

மறுநாள் பொருத்தி வீடு வீடாகப் போய், “உரிக்க மாட்டேன். கண்ணுக்குத் தெரியாத துளைகள் மட்டும் போடட்டுமா?” என்று கேட்டது. நாற்பத்தொரு பேரும் சம்மதித்தார்கள்.

“எழுத்து மேல படாமப் போடு” என்றார் மாசிலாமணி.

தொய்ந்த பலகைகளை நிமிர்த்தி முட்டுக்கொடுத்துத் துளையிட்டது பொருத்தி. மூன்று நாளில் அவை இறுகின. உருளைகளைத் தடத்தில் ஏற்றியதும் நாற்பத்தொரு கதவுகளும் தரைவரை இறங்கி மூடின. பட்டறை மூடவில்லை. இப்போது அங்கிருந்து போகும் ஒவ்வொரு படலத்திலும், எழுத்து இருக்கும் இடம் தவிர, விரலகலத்துக்கு நாற்பது துளைகள் இருக்கின்றன. ‘உரிக்கவும்’ என்ற வரியை எடுத்துவிட்டார்கள்.