பையில் கிடந்த ஹார்ட் டிஸ்க்

2007 ஜூலை, புதன்கிழமை, காலை பத்து மணி. தீவின் தென்கரை ஊரான நவுவாவின் கடைத்தெருவில் விரேந்திராவின் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை. வேலையாள் சதேந்திராவின் தோள்பைக்குள் கையை விட்ட போலீஸ் கார்ப்பரல் இந்திராவதி, ஒரு ஹார்ட் டிஸ்க்கை ஓரத்தில் பிடித்து வெளியே எடுத்தாள். உள்ளங்கை அளவு. மேலே பளிச்சென்ற வெள்ளைக் காகித லேபிள்.

"இதுதான்! என்னோடதுதான்!" என்று பிரமிளா கத்திவிட்டாள்.

பிரமிளாவின் லேப்டாப் ஒரு மாதமாக 'டிக் டிக்' என்று சத்தம் போட்டு நின்று நின்று ஓடியது. டிஸ்க் சாகப்போகிறது, புதுசு மாட்டிவிடலாம் என்றார்கள். மாட்டுங்கள், ஆனால் பழசு என் கைக்கு வரவேண்டும் என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். போன வருடம் இறந்த கணவனின் படங்கள் அத்தனையும் அதில்தான் இருந்தன. நேற்று மாலை வந்தால் லேப்டாப்பில் புது டிஸ்க் இருந்தது, பழசைக் காணோம்.

இந்திராவதி கடையைச் சுற்றிப் பார்த்தாள். ரிப்பேர் மேஜைகள் மூன்று, அதில் இரண்டு காலி. போன டிசம்பரில் ராணுவம் ஆட்சியைப் பிடித்ததிலிருந்து ஆக்லாந்துக்கும் பிரிஸ்பேனுக்கும் தெருவே காலியாகிக்கொண்டிருந்தது. மூன்றாவது மேஜையில் சதேந்திரா மட்டும் மிச்சம். ஞாயிற்றுக்கிழமை மாரியம்மன் கோயில் தீமிதி. அவன் காப்புக் கட்டி, கோயிலிலேயே படுத்து, தினமும் விடிகாலையில் மஞ்சள் பூசிக் குளித்துவிட்டு வேலைக்கு வந்துகொண்டிருந்தான். முதலாளி லீவு தரவில்லை. முழங்கைவரை மஞ்சள். அவன் டீக்கப், டெலிபோன், மவுஸ் எல்லாம் மஞ்சள். அவன் ரிப்பேர் செய்து வைத்த இன்னொரு லேப்டாப்பின் அடியிலும் ஐந்து விரல் மஞ்சள். அதன் சொந்தக்காரி அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் வாங்கிப்போவாள்.

"எடுத்தியா?"

"இல்லக்கா."

"உன் பைக்குள்ள எப்படி வந்துச்சு?"

"தெரியாதுக்கா. அந்த லேப்டாப்ப நானே பாத்துக்கறேன்னு பாஸ் வாங்கிக்கிட்டாரு. நான் தொடவே இல்ல."

"அதை அவரு மூஞ்சிக்கு நேரா கத்திச் சொல்றதுதானே? திருடன்னு சொல்றாரு, தலையக் குனிஞ்சுக்கிட்டு நிக்கிற!"

"காப்பு கட்டியிருக்கேங்க்கா. பத்து நாளைக்குக் கோவப்படக் கூடாது, யாரோடயும் சண்ட போடக் கூடாது."

இந்திராவதிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆக்லாந்து வேலைக்காகப் போலீஸ் சர்டிஃபிகேட் கேட்டு இதே சதேந்திரா கொடுத்த விண்ணப்பம் ஸ்டேஷனில் அவள் மேஜைமேல்தான் கிடந்தது. திருட்டுக் கேஸ் என்று ஒரு வரி எழுதினால் போதும், விசா அத்தோடு சரி. டிஸ்க்கில் உள்ள கைரேகையைத் தலைநகர் சுவாவுக்கு அனுப்பலாம். பதில் வருவதற்குள் அந்த வேலையை வேறு எவனாவது பார்த்துக்கொண்டிருப்பான்.

"நீங்க சொல்லுங்க" என்று விரேந்திராவின் பக்கம் திரும்பினாள்.

"என் கண்ணால பார்த்தேன் மேடம். நேத்து மத்தியானம் இவன்தான் திறந்தான். பழசக் கழட்டினான், புதுச மாட்டினான், பழசப் பையில போட்டுக்கிட்டான். நான் கிட்டகூடப் போகல."

"அப்பவே தடுக்கல?"

"திருப்பிக் குடுத்துடுவான்னு நினைச்சேன்." விரேந்திரா குரலை இறக்கினான். "ஜெயில் கியில்லாம் வேணாம் மேடம், பாவம். கேஸ் மட்டும் எழுதுங்க. நானே இவன வேலையில வச்சுக்கறேன்."

"திருடன வேலையில வச்சுக்குவீங்களா?"

"நம்ம பையன்தானே."

நம்ம பையனாம்! தீமிதிக்கு லீவு தராத வாய் அதைச் சொன்னது. இந்திராவதி விரேந்திராவையே பிரமிளாவின் லேப்டாப்பைத் திறக்கச் சொன்னாள். திறந்தான். உள்ளே இருந்த புது டிஸ்க்கின் வெள்ளை லேபிளை உற்றுப் பார்த்தாள். பிறகு அலமாரியிலிருந்து பிரிக்காத ஒரு டிஸ்க்கை எடுத்து உறையைக் கிழித்து சதேந்திராவிடம் நீட்டினாள்.

"பிடி. ம்... இப்ப அந்த லேபிளைத் துடை."

சதேந்திரா துணியால் துடைத்தான். கட்டைவிரல் அளவு இருந்த மஞ்சள் லேபிள் முழுக்கப் பரவியது. இந்திராவதி மூன்று டிஸ்க்குகளையும் வரிசையாக மேஜைமேல் வைத்தாள். ஒன்று மஞ்சள். இரண்டு வெள்ளை.

"இவன் கழட்டினான், இவன் மாட்டினான், இவன் பையில போட்டான். நீங்க கிட்டகூடப் போகல. அப்படின்னா இந்த ரெண்டும் எப்படி வெள்ளையா இருக்கு?"

"கை கழுவியிருப்பான்..."

"கழுவினா போற மஞ்சளா இது? டீக்கப்பப் பாருங்க, போனப் பாருங்க! நீங்களும் காப்புக் கட்டித் தீ மிதிச்சவருதானே? மஞ்சப் பட்ட வெள்ள வேட்டிய எத்தன தடவ துவைச்சிருப்பீங்க? காப்புல இருக்கறவன் வாயத் திறக்க மாட்டான்னு மட்டும் ஞாபகம் இருந்துச்சு. அவன் கை ஞாபகம் இல்ல. லேப்டாப்பத் திறந்ததும் நீங்க, டிஸ்க்க இவன் பையில சொருகினதும் நீங்க."

விரேந்திரா காலியாகக் கிடந்த ஒரு மேஜையின் நாற்காலியில் போய் உட்கார்ந்தான்.

"ரெண்டு பேரு சொல்லாமகூடப் போயிட்டானுங்க மேடம். இவனும் போனா கடையை யாரு நடத்தறது? கேஸு இருந்தா விசா கெடைக்காது, இவன் இங்கயே இருப்பான்னுதான்..."

"அதுக்கு என் புருஷன் முகம்தான் கெடச்சுதாடா உனக்கு?" என்று பிரமிளா பாய்ந்தாள். இந்திராவதி நடுவில் போய் நிற்க வேண்டியதாயிற்று.

மூன்று லேபிள்களையும் படம் பிடித்துக்கொண்டபின் பழைய டிஸ்க்கை சதேந்திராவிடம் கொடுத்தாள். அவன் அதை ஒரு ஒயரில் மாட்டினான். டிக், டிக் என்றது. நின்றது. மறுபடி மாட்டினான். திரையில் முதல் படம் மெதுவாகத் திறந்தது. நவுவா ஆற்றங்கரையில் மீசைக்காரர் ஒருவர், கையில் பெரிய மீனோடு, வாயெல்லாம் பல்லாக நின்றார். பிரமிளா திரையைத் தொட்டாள். சதேந்திரா ஒவ்வொரு படமாகப் புது டிஸ்க்குக்கு மாற்றத் தொடங்கினான்.

"அக்கா" என்றான், திரும்பாமலே. "பாஸ விட்டுடுங்க. நான் போனாப் போதும். எனக்கு அவரு மேல கோவம் இல்ல."

"உனக்கு இருக்கக் கூடாது, நீ காப்புக் கட்டினவன்" என்றாள் இந்திராவதி. "நான் கட்டல. விரேந்திரா, ஜீப்புல ஏறுங்க."