மீட்க ஆளில்லாத அறை

பழைய அடகுக் கடையை வாங்கிய மறுநாள், பாப்பாவை ஸ்கூலுக்கு அனுப்பிவிட்டு, காலை பதினொரு மணிக்கு, கணவனும் மனைவியுமாகப் போய் ஷட்டரைத் தூக்கினார்கள். உள்ளே துருவும் அமிலமும் கலந்த வாடை. மேசைமேல் உரைகல், கம்பிவலைக்குப் பின்னால் தராசு; எல்லாம் முந்தைய முதலாளி செத்த அன்று விட்டுப்போன இடத்திலேயே இருந்தன.

கடைக்கோடியில் இரும்பறை. ஜன்னல் கிடையாது. அலமாரி முழுக்க துணி முடிச்சுகள். யாரும் மீட்க வராமல் மூழ்கிப்போன நகைகள்.

“நான் முடிச்சைப் பிரிச்சுப் பாக்குறேன். நீங்க தூசி தட்டுங்க” என்று மனைவி டார்ச்சுடன் உள்ளே போனாள்.

பத்து நிமிடம் இருக்கும். கதவு தானாகச் சாத்திக்கொண்டது. அவன் பதறி ஓடி, சாவி போட்டு இரண்டு கையாலும் இழுத்தான். மனைவி கதவருகிலேயே நின்றிருந்தாள்.

“பயந்துட்டியா?”

“இல்லங்க.”

அவள் கை சில்லிட்டிருந்தது. நாற்காலியில் உட்கார்ந்தவள், ரொம்ப நாள் கழித்து வெளிச்சத்தைக் கண்டவள் போலத் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தாள். கொண்டுவந்த சாப்பாட்டைத் தொடவில்லை. கேட்டதற்கெல்லாம் சிரித்தாள்.

மூன்று மணிக்கு அவன் இரும்பறையைப் பூட்டினான்.

உள்ளிருந்து யாரோ தட்டினார்கள்.

“என்னங்க... நான் உள்ளதான் இருக்கேன். திறங்க.”

அவன் மனைவியின் குரல். அழுது கம்மிப்போன குரல்.

திரும்பிப் பார்த்தான். நாற்காலியில் மனைவி அசையாமல் இருந்தாள்.

“திறக்காதீங்க” என்றாள் மெதுவாக. “உள்ள யாரும் இல்ல.”

“அப்போ பேசுறது யாரு?”

அவள் மறுபடி தெருப்பக்கம் திரும்பிக்கொண்டாள். தெருவுக்கு ஓடிவிடலாமா என்றுகூட நினைத்தான். ஆனால் உள்ளே மூச்சுத் திணறும் சத்தம் கேட்டதும் மனசு கேட்கவில்லை. இத்தனை வருஷத்தில் அவள் எதற்கும் இப்படிக் கெஞ்சியதில்லை.

சாவியைத் திருப்பினான்.

இருட்டு. ஒரே ஓர் அடி எடுத்து வைத்தான். முதுகுக்குப் பின்னால் கதவு சாத்திக்கொண்டது.

ஒரு கை அவன் கையைப் பற்றியது. சூடான கை. அவளுடையதுதான்.

“ஏன் வந்தீங்க?” என்று தேம்பினாள். “கூப்பிட்டது நான் இல்லங்க. இவ்வளவு நேரம் என் வாயைப் பொத்தி வச்சிருந்தாங்க.”

அலமாரிகளுக்கு இடையே பலர் மூச்சுவிடுவது கேட்டது.

அவன் கதவைக் குத்தினான். தொண்டை கிழியக் கத்தினான்.

வெளியே சாவி திரும்பியது. பிறகு ஓர் ஆண்குரல், நிதானமாக.

அவனுடைய குரல்.

“சீக்கிரம் வா. பாப்பா ஸ்கூல் விட்டு வந்துடுவா.”