அலை எழாத கிண்ணம்

"என் புருஷனை அந்தக் கோபுரம் தின்னுடுச்சு. இப்ப அக்காவையும் தூக்குல போடப் போறாங்க. நீங்க நியாயம் பாக்குற ஆளுதானே? எந்திரிங்க!"

புருனிசெந்தா கதவை உதைத்துத் திறந்து நின்றாள். முகமெல்லாம் இடிபாட்டுத் தூசி. நகர நீதிபதி கில்லெம் நிதானமாக அங்கியை எடுத்தார். அவருடைய காவலன் பெய்ரே அதற்குள் வாளை உருவியிருந்தான்.

"உள்ள போடுடா. யாரை வெட்டப்போறே?"

மோன்ரேவல் நகரம் தன் மதிலை நம்பியிருந்தது. மதில் ஒரு கிண்ணத்தை நம்பியிருந்தது. வெளியே நிற்கும் சிலுவைப் படை சுரங்கம் தோண்டினால் மண் அதிரும். நிலவறைத் தரையில் வைத்த கிண்ணத்து நீரில் வளையம் வளையமாக அலை எழும். அதைக் கண்டதும் குரல் கொடுப்பது புருனிசெந்தாவின் அக்கா அசலாயிஸின் வேலை. குரல் கேட்டால் ஊரார் உள்ளிருந்து எதிர்த்துத் தோண்டி மறிப்பார்கள். அவள் குரல் கொடுக்கவில்லை. காலையில் வடக்குக் கோபுரம் சரிந்தது.

நிலவறையில் அவளைக் கட்டிப்போட்டுவிட்டு, பளபளக்கும் தோல் காலணியோடு நின்றிருந்தான் தளபதி அர்னாவ்.

"சத்தியம் பண்ணச் சொன்னேன், மாட்டேங்கிறா. இதுக்குமேல என்னய்யா சாட்சி?"

அவள் 'நல்லவர்கள்' சமயத்துத் துறவி. கடவுள் மேல் ஆணையிட்டுச் சத்தியம் செய்வது அவர்களுக்குப் பாவம். அந்தச் சமயத்தை எரித்து அழிக்கத்தான் வெளியே படை காத்திருந்தது.

"தண்ணி அசையவேயில்லைங்க," என்றாள் அசலாயிஸ். "ஏதோ வாடை வந்துச்சு. பசியில தோணுதுன்னு விட்டுட்டேன்."

கில்லெம் கிண்ணத்தில் விரலைத் தோய்த்து முகர்ந்தார். இன்னொரு கிண்ணத்தில் நல்ல நீர் ஊற்றிப் பக்கத்தில் வைத்தார்.

"பெய்ரே, தரையில மெதுவா இடி."

புதிய கிண்ணத்தில் அலை எழுந்தது. பழையது கண்ணாடிபோல் கிடந்தது.

"பாத்தியா? மேல கொழுப்பு படர்ந்தா, சின்ன அலை எழும்புறதுக்குள்ளயே செத்துப்போகும். இது பன்றிக் கொழுப்பு."

"அப்ப இவதான் ஊத்தியிருக்கா!" என்றான் அர்னாவ்.

"இவ சமயத்துல புலால் ஆகாது, கறி வெந்த சட்டியைக்கூட இவ தொடமாட்டா. அதோட, இதுல காறல் வாடையே இல்ல, புதுசு. ஊர்ல பன்றி இருக்காடா, பெய்ரே?"

"பன்றியா! நாங்க இடுப்புவாரை வேகவச்சுத் தின்னுட்டிருக்கோம்!"

"அப்ப இது எதிரி பாளையத்துலேர்ந்து வந்தது. உன் செருப்பைக் காட்டு."

பெய்ரேயின் செருப்பில் எண்ணெய் காணாத தோல் பாளம் பாளமாக வெடித்திருந்தது. கில்லெம் குனிந்து அர்னாவின் காலணியைத் தடவினார். விரலை அவன் மூக்கருகே நீட்டினார். அதே வாடை.

"மிச்சத்தைக் கால்ல பூசிக்கிட்டியா?"

"கடவுள் மேல ஆணையா எனக்கு எதுவும் தெரியாது!"

"எவ்வளவு சுலபமா வருது உனக்கு!" முதன்முறையாகக் கில்லெமின் குரல் நடுங்கியது. "அந்த வார்த்தையைச் சொல்ல மாட்டேன்னதுக்காடா இவளைத் தூக்குல போடப் பாத்தே?"

புருனிசெந்தா அக்காவின் கட்டை அறுத்தாள். பெய்ரே அதே கயிற்றால் அர்னாவின் கைகளை இறுக்கினான்.

அசலாயிஸ் எதையும் கவனிக்கவில்லை. தரையில் குனிந்திருந்தாள். பெய்ரே இடிப்பதை எப்போதோ நிறுத்தியிருந்தான். புதிய கிண்ணத்தில் அலை நிற்கவில்லை.

"தோண்டுறாங்க!" என்று அலறினாள்.

புருனிசெந்தா கடப்பாரையை எடுத்துக்கொண்டு முதலில் ஓடினாள்.