எம்.டி.க்கு மேல் ஒரு கட்டம்

ஒப்புதலுக்கு மூன்று நிலைகளைத்தான் அவள் அமைத்திருந்தாள். திரையிலோ நான்கு கட்டங்கள் தெரிந்தன.

கீழே பிரிவுத் தலைவர், அவருக்கு மேலே கொள்முதல் மேலாளர், எல்லாருக்கும் மேலே எம்.டி. இந்த வரிசையை அடுக்குவதற்கு அவளுக்கு ஆறு வாரங்கள் பிடித்திருந்தன. ஒரு பேனா வாங்க வேண்டுமென்றாலும் ஊழியர் இனி இந்தப் புதிய கொள்முதல் மென்பொருளில் கோரிக்கை எழுப்ப வேண்டும். அக்கோரிக்கை ஒவ்வொரு மேசையாக மேலேறும். ஒவ்வொருவரும் ஒப்புதல் அளித்த பின்னரே பொருள் வந்து சேரும். திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு முந்நூறு ஊழியர்கள் இதனைப் பயன்படுத்தத் தொடங்குவார்கள். எனவேதான் ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் நான்கு மணிக்கு, ஆளரவமற்ற மூன்றாம் தளத்தில் அவள் தனியாக அமர்ந்து சோதனை செய்துகொண்டிருந்தாள். விடுமுறை நாளாதலால் குளிர்சாதனம் நிறுத்தப்பட்டிருந்தது. இறக்கிவிடப்பட்ட சன்னல் திரைகளின் இடுக்குகள் வழியே நுழைந்த வெயில் தரைவிரிப்பின்மீது கோடு கோடாகக் கிடந்தது. தூசியும் அச்சு மையும் கலந்த ஒரு பழைய வாடை, மூடிய அலமாரியைத் திறந்தாற்போல அவ்வப்போது எழுந்து அடங்கியது.

நான்காவது கட்டம் எம்.டி.யின் கட்டத்திற்கு மேலே, சாம்பல் நிறத்தில், மெல்லிய கோடு ஒன்றினால் இணைக்கப்பட்டு நின்றது. அதில் பெயரில்லை, பதவியும் இல்லை. "நிலுவையில்" என்னும் ஒரு சொல் மட்டுமே இருந்தது.

அலுவலகத்தில் அவளைக் 'கண்டிஷன் அக்கா' என்றே அழைப்பார்கள். எதைக் கேட்டாலும் "இப்படி இருந்தா அப்படி, இல்லேன்னா இப்படி" என்று நிபந்தனையோடு பதில் சொல்லும் பழக்கம் அவளுக்குத் தொற்றிக்கொண்டிருந்தது. அப்படிப்பட்டவள் போடாத கட்டத்தை வேறு யார் போட்டிருக்க முடியும்?

அவளுடைய ஐயம் நேராகத் தரைத்தளத்திற்கு இறங்கியது. அங்கே, பொருள்கள் வைக்கும் ஸ்டோர்ஸில், நாளைய தணிக்கைக்காகச் சரக்கை எண்ணும்படி அவள் வரவழைத்திருந்த தம்பி இருந்தான்.

அவனை அந்த வேலையில் சேர்த்துவிட்டவளே அவள்தான். எட்டு மாதங்களுக்கு முன்பு, புழுக்கம் தாங்காமல், பழைய மென்பொருளில் மேலாளருடைய பாஸ்வேர்டைப் பயன்படுத்தி ஸ்டோர்ஸுக்கு ஒரு மின்விசிறி வாங்கத் தானே ஒப்புதல் அளித்துக்கொண்டு மாட்டிக்கொண்டான். அவள்தான் எம்.டி.யின் அறை வாசலில் ஒரு மணி நேரம் காத்துக்கிடந்து மன்றாடினாள். "இன்னொரு தடவை நடந்தா நானே அவனை வெளியே அனுப்பிடறேன் சார்" என்று வாக்கும் கொடுத்தாள். நாளைக்கு வரவிருக்கும் தணிக்கையாளர் ஒப்புதல் பதிவுகளை வரிவரியாகப் பார்ப்பார். அவற்றில் தம்பியின் கைவரிசை தெரிந்துவிட்டால் அவனை எவராலும் காப்பாற்ற முடியாது.

தொலைபேசியை எடுத்தாள்.

"என்னடா பண்ற?"

"நீ சொன்னதைத்தான். எண்ணிட்டிருக்கேன். நட்டு, போல்ட்டு, நான் செஞ்ச பாவம், எல்லாத்தையும்."

"சிஸ்டத்துல கை வச்சியா?"

"நான் கை வச்சிருந்தா அது ஒழுங்கா ஓடியிருக்குமே. ஓடுதா?"

"விளையாடாத. எம்.டி.க்கு மேல ஒரு கட்டம் நிக்குது. யார் போட்டது?"

"எம்.டி.க்கு மேல யாரு இருக்கா? அவர் சம்சாரம்தான்!"

அவள் சிரிக்காமல் இணைப்பைத் துண்டித்தாள்.

பின்னர் அமைப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தபோது காரணம் புலப்பட்டது. பிழை அவளுடையதே. ஒப்புதல் அளிக்க வேண்டியவர் மூன்று நாட்களுக்குள் பதில் தராவிட்டால் கோரிக்கை தானாகவே அவருடைய மேலதிகாரிக்குப் போகும் என்பது விதி. சோதனைக்காக அந்த மூன்று நாட்களை அவள் மூன்று நிமிடங்களாகச் சுருக்கியிருந்தாள். எம்.டி.யின் மேலதிகாரி யார் என்று கேட்ட இடத்தில் 'இத்துடன் நிறுத்துக' என்று குறித்திருக்க வேண்டும். அவள் வெறுமையாக விட்டிருந்தாள். மேசை விளக்கு ஒன்று வேண்டுமென்று அவள் எழுப்பிய சோதனைக் கோரிக்கை, பதில் சொல்ல ஆளில்லாமல் படிப்படியாக ஏறி, எம்.டி.யையும் கடந்து, அந்த வெறுமைக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. அவ்வளவுதான். அவள் நிம்மதியாகப் பெருமூச்சு விட்டுக் கையைச் சுட்டியின்மீது வைத்தாள்.

"நிலுவையில்" என்ற சொல் மாறியது.

"ஒப்புதல் அளிக்கப்பட்டது."

அளித்தவர் பெயர் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. எங்கோ கூரைக்குள் காற்றுக்குழாய் ஒருமுறை முனகி ஓய்ந்தது. குளிர்சாதனம் நின்றிருக்கும்போது குழாய்க்குள் காற்று எங்கிருந்து வரும் என்று அவள் யோசித்துக்கொண்டிருந்தபோதே தொலைபேசி ஒலித்தது.

"அக்கா, மேசை விளக்கு ஏதாவது கேட்டிருந்தியா? பொருள் இறக்கற மேசைமேல ஒண்ணு இருக்கு."

"யார் கொண்டு வந்தாங்க?"

"யாரும் வரல. ஷட்டர் மூடித்தான் இருக்கு. பெட்டிகூட இல்ல, சும்மா நிக்குது. தொட்டா சூடா இருக்கு."

அவன் குரலில் சிரிப்பு ஒளிந்திருக்கிறதா என்று அவள் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். இருந்தது போலவும் தோன்றியது. இல்லாதது போலவும் தோன்றியது. அலமாரியிலிருந்து ஒரு விளக்கை எடுத்து வைப்பதற்கு எவ்வளவு நேரம் ஆகிவிடும்? யாருடைய பாஸ்வேர்டையோ மறுபடியும் பிடித்துவிட்டான். சந்தேகமே இல்லை.

"தெரியும்டா உன் வேலை" என்று மட்டும் சொல்லி வைத்தாள்.

அவனைக் கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும் என்று முடிவு செய்தாள். எல்லாருடைய கணக்குகளையும் மென்பொருளிலிருந்து வெளியேற்றினாள். உள்ளிருப்போர் எண்ணிக்கை: ஒன்று. அது அவள்தான். பிறகு, உடைந்த நாற்காலி ஒன்றுக்குப் பதிலாகப் புதிய நாற்காலி வேண்டுமென்று இரண்டாவது கோரிக்கையை எழுப்பினாள். பழையதற்குப் பதிலாகப் புதியது கேட்டால் காரணத்தையும், பழையதை என்ன செய்வது என்பதையும் கட்டாயம் எழுதியாக வேண்டும். எழுதி அனுப்பினாள். மூன்று நிமிடங்கள். மூன்று நிமிடங்கள். மூன்று நிமிடங்கள். நான்காவது கட்டத்தை அடைந்த கோரிக்கை, ஒரு குறிப்புடன் திரும்பி வந்தது.

"காரணம் போதாது. பழையதில் உண்மையான குறை என்ன?"

அவளுக்குக் கோபம் தலைக்கேறியது. எப்படியோ மறுபடியும் உள்ளே நுழைந்து, கீழே உட்கார்ந்துகொண்டு அதிகாரியைப் போலக் கேள்வி கேட்கிறானா?

இத்தொழிலில் இருப்பவர்கள் சோதனைக் கோரிக்கைகளில் வாய்க்கு வந்ததையெல்லாம் எழுதுவது வழக்கம். யானை ஒன்று, நிலா இரண்டு, எம்.டி.க்குப் புதிய தலைமுடி ஒரு கட்டு என்று அவளும் எத்தனையோ எழுதியிருக்கிறாள். முடிவில் எல்லாவற்றையும் அழித்துவிடுவார்கள். அந்தப் பழக்கத்திலேயே, அவன் முகம் சுருங்கட்டும் என்ற எண்ணத்துடன், விரல்கள் விசைகளைக் குத்தக் குத்த எழுதினாள்.

பொருள்: ஒழுங்கான தம்பி. எண்ணிக்கை: ஒன்று. காரணம்: இப்போது இருப்பவனை நம்ப முடியவில்லை. பழையதை என்ன செய்வது: கழித்துவிடவும்.

அனுப்பிவிட்டுக் கைகளைக் கட்டிக்கொண்டு சாய்ந்தாள். இதைப் படித்தவுடன் அவன் கூப்பிடுவான். "மன்னிச்சிடு அக்கா" என்று வழிவான். அவள் நன்றாக வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டு, பதிவுகளை அழித்துவிட்டு, வீட்டுக்கு அழைத்துப் போவாள். பிரிவுத் தலைவரின் கட்டம் மூன்று நிமிடங்களில் கடந்தது. கொள்முதல் மேலாளருடையதும் கடந்தது. தரைவிரிப்பின்மீது கிடந்த வெயில்கோடுகள் மெலிந்து, சிவந்து, சுவரின்மீது ஏறத் தொடங்கியிருந்தன. தொலைபேசி ஒலிக்கவில்லை. எம்.டி.யின் கட்டமும் கடந்தது.

நான்காவது கட்டம் ஒரு நொடிகூடத் தாமதிக்கவில்லை.

"ஒப்புதல் அளிக்கப்பட்டது. இது சரியான காரணம்."

அவள் எழுந்து நின்றுவிட்டாள். தம்பியை அழைத்தாள். ஆறேழு முறை மணியடித்த பிறகே எடுத்தான். குரல் தணிந்திருந்தது.

"அக்கா, கீழே யாரையாவது அனுப்பினியா?"

"இல்லையே. ஏன்?"

"கடைசி அலமாரிக்குப் பின்னால யாரோ எண்ணுறாங்க."

"என்னத்தை?"

"தெரியல. ஒண்ணு, ஒண்ணு, ஒண்ணுன்னு. அதுக்கு மேல போக மாட்டேங்குது."

எனினும் அந்தச் சந்தேகம் அவளை விடவில்லை.

"டேய், உண்மையைச் சொல்லு. திட்ட மாட்டேன். அந்த நாலாவது கட்டம் நீதானே?"

"எந்தக் கட்டம்? எனக்கு ஏது பாஸ்வேர்டு? அன்னைக்கே எல்லாத்தையும் பிடுங்கிட்டீங்களே. நீதானேக்கா பிடுங்கின?"

உண்மை. எட்டு மாதங்களுக்கு முன்பு அவனுடைய கணக்கை மூடியவள் அவளே. கீழே ஸ்டோர்ஸில் கணினி ஒன்றுகூடக் கிடையாது. தாளிலும் பென்சிலிலும்தான் அவன் எண்ணிக்கொண்டிருந்தான். இவ்வளவையும் அறிந்திருந்தும், முதல் சந்தேகத்தை அவன்மீதே போட்டிருந்தாள்.

"அதை விடு. உடனே வெளியே வா. ஓடி வா."

"வர்றேன். இரு, இங்க விளக்கு அணை..."

பேச்சு நின்றது. இணைப்பு துண்டிக்கப்படவில்லை. அவன் காலடிகள் கேட்டன. பிறகு அவையும் நின்றன. அதன்பின் தொலைபேசியில், மிக அருகில், பொறுமையான ஒரு குரல்.

"ஒண்ணு."

அவள் கோரிக்கையைத் திறந்து 'நிராகரி' என்பதை அழுத்தினாள்.

"தான் எழுப்பிய கோரிக்கையைத் தானே நிராகரிக்க இயலாது."

அது அவள் எழுதிய விதி. எவனும் தன் கோரிக்கையில் தானே கைவைக்கக் கூடாதென்று, தம்பியின் தவறு நடந்த மறுவாரமே அவள் முன்மொழிந்த விதி. எம்.டி. எல்லார் முன்னிலையிலும் அதைப் பாராட்டியிருந்தார். நிர்வாகியின் கணக்கில் நுழைந்து அழுத்தினாள். இயலாது. விதியையே அழிக்க முயன்றாள். ஒப்புதல் தேவை என்றது. யாருடைய ஒப்புதல்? சாம்பல் நிறக் கட்டம் மின்னியது.

இயலாது. இயலாது.

நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. அவள் கதவை நோக்கி ஓடினாள். கண்ணாடிக் கதவு. அதற்கு அப்பால் நடைவழி. நடைவழியின் கோடியில் படிக்கட்டு.

கதவுக்கு வெளியே தம்பி நின்றுகொண்டிருந்தான்.

அதே நீலச் சட்டை. இடுப்பில் ஸ்டோர்ஸ் சாவிக்கொத்து. இடது காலணியின் நாடா, வழக்கம்போல, அவிழ்ந்து கிடந்தது.

"வந்துட்டியாடா, பயந்தே போயிட்டேன்..."

கைப்பிடியைப் பற்றியவள் அப்படியே நின்றாள்.

சட்டைக் காலருக்கு மேலே கழுத்து இருந்தது. கழுத்துக்கு மேலே தலை. தலையின் முன்பக்கத்தில் ஒன்றுமில்லை. புண் இல்லை, காயம் இல்லை. நிரப்பப்படாத இடம்போல, வழவழப்பாக, வெறுமையாக இருந்தது. இரு கைகளையும் முன்னே கோத்துக்கொண்டு, கையெழுத்துக்காகக் காத்திருக்கும் ஊழியரைப் போல அது அசையாமல் நின்றது.

பின்னால் கணினி மென்மையாக மணியடித்தது. அவள் திரும்பிப் பார்த்தாள். அங்கிருந்தே பெரிய எழுத்துகள் தெரிந்தன.

"பொருள் வந்து சேர்ந்தது. பெற்றுக்கொள்பவர் உறுதி செய்க."

ஓடிச் சென்று 'திருப்பி அனுப்பு' என்பதை அழுத்தினாள்.

"பழைய பொருள் கழிக்கப்பட்டுவிட்டது. திருப்பி அனுப்ப இயலாது."

திரையின் அடியில் நிமிடங்கள் குறைந்துகொண்டிருந்தன. இரண்டு நிமிடம் நாற்பது நொடி. பதிலில்லாவிட்டால் பெற்றுக்கொண்டதாகக் கருதப்படும். கையிலிருந்த தொலைபேசியைக் காதில் வைத்தாள்.

"தம்பி?"

எண்ணுவது நின்றிருந்தது.

"டேய். தம்பி. நான் உன்னை நம்பறேன்டா. கேக்குதா? நம்பறேன்டா."

மூச்சுச் சத்தம்கூட இல்லை. பெரிய, காலியான ஓர் அறையின் அமைதி.

ஒரு நிமிடம்.

அவள் கண்ணாடியிடம் திரும்பி வந்தாள். ஏன் வந்தாளென்று அவளுக்கே தெரியவில்லை. அது சற்றே குனிந்து, வெறுமையான அந்த இடத்தைக் கண்ணாடியோடு சேர்த்து வைத்தது. கண்ணாடியில் ஆவி படியவில்லை.

இருபது நொடி. பத்து.

மணி அடித்தது.

முதலில் வாய் வந்தது. அது தம்பியின் வாயேதான். மேலுதட்டில் சிறுவயதில் விழுந்த அதே தழும்பு. அந்த வாய் அவளைப் பார்த்து, மிகவும் பணிவாக, மிகவும் ஒழுங்காகச் சிரித்தது.

தம்பி ஒருநாளும் அவளிடம் பணிவாகச் சிரித்ததில்லை.